விண்வெளி மேல் போட்ட பழி

இராமநாதபுரத்துக் குண்டு மிளகாய்க் காட்டில் வளர்ந்தவன் நான். மிளகாய் இலை மேல்பக்கமாகச் சுருண்டால் இலைப்பேன், கீழ்ப்பக்கமாகச் சுருண்டால் மஞ்சள் சிலந்தி. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டேதான் சிங்கப்பூர் கிளமெண்டியில் பிள்ளைகளிடம் பொய் சொன்னேன்.

2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பிஎஸ்எல்வி சி60 எட்டுக் காராமணி விதைகளையும் கொண்டுபோனது. நாலே நாளில் அவை முளைவிட்டன. அந்தச் செய்தியைக் கதைபோலச் சொல்லப்போய், எங்கள் புளோக் சமூகத் தோட்டத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் 'விண்வெளி அங்கிள்' ஆகிவிட்டேன். பட்டம் கிடைத்தால் போதுமா, காப்பாற்ற வேண்டுமே! விண்வெளி விதை என்று அச்சடித்த மிளகாய் விதைப் பொட்டலம் ஒன்றை வாங்கி நட்டேன்.

செடி கொஞ்சம் வளர்ந்ததும் கொழுந்தெல்லாம் காம்பு நீண்டு, விளிம்பு மடங்கி, கவிழ்த்த படகாட்டம் ஆனது. "அங்கிள், இது மியூட்டேஷனா?" என்றாள் ஒரு சிறுமி. இலையைத் திருப்பிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நரம்போரம் வெளிர்மஞ்சள் புள்ளிகள் மெல்ல நகர்ந்தன. "ஆமாம்மா, காஸ்மிக் கதிர் பண்ணின வேலை" என்றேன்.

எத்தனை அபத்தம்! விண்வெளியில் கனமான அயனி ஒன்று விதையைத் துளைத்தால் டிஎன்ஏ இழை அறுபடலாம். பெரும்பாலான அறுபடல்களை விதை முளைக்கும்போது செல்லே சரிசெய்துகொள்ளும். எஞ்சிய மாற்றமும் அநேகமாக ஒடுங்கு பண்பாகவே இருப்பதால் முதல் செடியில் தலைகாட்டாது. அதன் விதையை மறுபடி விதைத்துத் தேட வேண்டும். சீனாவின் லூயுவான் 502 கோதுமை அப்படிப் பல தலைமுறை பொறுக்கியெடுத்து வந்ததுதான். கடைக்கு வரும் பொட்டல விதையும் அப்படி நிலைப்படுத்திய ரகமாகத்தான் இருக்கும். 1984 முதல் 1990 வரை விண்வெளியில் கிடந்த 1.25 கோடி தக்காளி விதைகளில் பலவற்றைப் பள்ளிப் பிள்ளைகள் விதைத்தபோதும் பெரும்பாலும் சாதாரணத் தக்காளிதான் காய்த்தது. இதெல்லாம் படித்தவன்தான் நான்.

அன்றைக்கே செடியைப் பிடுங்கிப் பையில் கட்டிப் போட்டிருக்க வேண்டும். பிடுங்கினால் ஏன் என்று கேட்பார்களே! வருகிறவர்களுக்கெல்லாம் இலையைத் தொட்டுப் பார்க்கவும் கொடுத்தேன். மஞ்சள் சிலந்தி கையோடும் போகும், வெள்ளை ஈயின் காலைப் பற்றிக்கொண்டும் போகும். அடுத்த பாத்தி மலாய் மக்சிக்கின் (அத்தை) சில்லி பாடி மிளகாய் மொத்தமும் சுருண்டது. வெயில் அதிகமோ என்று என்னிடமே கேட்டார். இருக்கலாம் என்றேன். அத்தனையையும் பிடுங்கிப் போட்டார். அப்போதும் என் செடி நின்றுகொண்டுதான் இருந்தது.

அந்தச் சிறுமி என் விளக்கத்தைப் படத்தோடு பள்ளி புராஜெக்டில் எழுதி, எனக்கு நன்றியும் சொல்லியிருந்தாள். திருத்தச் சொல்லவில்லை. நேரில் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. அவள் பெற்றோர் தமிழ்ப் பத்திரிகை படிக்கிறவர்கள். இதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்கள். மக்சிக்குக்குத் தமிழ் தெரியாது. அவரிடம் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும்.