மீட்பின் விலை

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல் குமரிக் கடலைப் புரட்டிப்போட்ட நாள். கரையில் நின்ற நாங்கள் கடலைப் பார்ப்பதை விட்டு வானத்தைப் பார்க்கத் தொடங்கினோம். ஒரு ஹெலிகாப்டர் வந்தால், பலகையைப் பற்றிக்கொண்டு மிதப்பவர்களையாவது தூக்கிவிடலாமே என்பதுதான் அன்று எங்கள் செபமாக இருந்தது. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் மக்கள் தண்டவாளத்தில் அமர்ந்தபோது, மீட்பு ஹெலிகாப்டர் ஒன்று எப்போதும் இங்கேயே நிற்க வேண்டுமென்று நாங்களும் குரல் கொடுத்தோம். அருகில் நின்ற ஒருவர், "அதன் விலை தெரியுமா?" என்று கேட்டார். அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. ஆயினும் எங்களிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. 2024 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சகம் தரைப்படைக்கு 25, கடலோரக் காவல் படைக்கு 9 என 34 துருவ் ஹெலிகாப்டர்களுக்கு ஒப்பந்தம் செய்தது. துணைக் கருவிகளுடன் மொத்தம் 8,073 கோடி ரூபாய். சராசரியாக ஒன்றுக்கு ஏறத்தாழ 237 கோடி. இது வாங்கும் விலை மட்டுமே.

கடலோரக் காவல் படையின் துருவில் ராடார் உண்டு, தேடுவிளக்கு உண்டு, கனரக இயந்திரத் துப்பாக்கியும் உண்டு. நோயாளியை ஏற்றிச் செல்ல, கழற்றி மாட்டக்கூடிய தீவிர சிகிச்சைத் தொகுதி ஒன்று உள்ளே பொருத்தப்படுகிறது. பொருத்துவது கட்டிலை நகர்த்திப் போடுவது போன்றதன்று. எத்தகைய அதிர்ச்சியிலும் ஸ்ட்ரெச்சர் பெயரக்கூடாது. மருத்துவக் கருவிகளின் மின்னலைகள் விமானியின் கருவிகளைக் குழப்பக்கூடாது. இவ்வாறு மாற்றப்படும் ஒவ்வொன்றும் சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெறவேண்டும். இதற்கும் செலவு உண்டு. மேலும், கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் எரிபொருளுக்குரிய இடத்தைப் பறிக்கிறது. எரிபொருள் குறைந்தால் தூரம் குறைகிறது. வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் எங்கள் தூத்தூர் வட்டார மீனவர் பலர், ஹெலிகாப்டர் போய்த் திரும்பும் எல்லைக்கு அப்பால் தொழில் செய்கிறவர்கள். வானத்தைப் பார்த்து நின்ற அன்று இதை நாங்கள் எண்ணவில்லை.

2022 ஜூனில் சென்னையில் துருவ் அணி ஒன்று தொடங்கப்பட்டது. சென்னைக்கும் குமரிக்கும் இடையே வான்வழியிலேயே அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். மூழ்குகிறவனுக்கு அது வெகுதூரம். பக்கத்தில் நிற்பதும், இரவும் பகலும் ஆயத்தமாய் நிற்பதும், பழுது பார்ப்பவரும் பயிற்சி பெற்றவரும் உடனிருப்பதும் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய விலை.

இன்னொரு விலையும் உண்டு. 2024 செப்டம்பர் 2 இரவு, ஹரி லீலா என்னும் கப்பலில் காயமுற்றிருந்த ஒருவரை மீட்கச் சென்ற துருவ் ஒன்று போர்பந்தர் அருகே கடலில் விழுந்தது. அதிலிருந்த நால்வரில் மூவர் மாண்டனர். விமானி ஒருவரின் உடல் ஒரு மாதத்திற்குப் பின்னரே கிடைத்தது. அச்செய்தியைப் படித்த அன்று எங்கள் வீடுகளில் யாரும் அதிகம் பேசவில்லை. உடலுக்காகக் காத்திருப்பது என்னவென்று அறிந்தவர்கள் நாங்கள். உடல் வராமலே பூசை வைத்த குடும்பங்கள் எங்கள் தெருவில் உண்டு.

இன்று அந்த மனிதர் மீண்டும் வந்து கேட்டால், "தெரியும்" என்போம். தெரிந்தும் கேட்போம், கேட்பதை நிறுத்தமாட்டோம். ஆனால் இனி கேட்கும்போது, மிதப்பவனை மட்டும் நினைத்துக் கேட்கமாட்டோம். அவனைத் தேடிப் பறக்கும் அந்த நால்வரும் பத்திரமாய்த் திரும்புவதற்கு ஆகும் செலவையும் சேர்த்தே கேட்போம். அவர்களும் ஏதோ ஒரு வீட்டில் வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் தாய்மாரின் பிள்ளைகள்.