பெரிய மாடா, சின்ன மாடா?

எங்க ஊர் சேரன்மகாதேவி பக்கம், தாமிரபரணிக் கரை. பெரியப்பா ஒரு ஜோடி காளை வச்சிருந்தார். கோயில் கொடைக்கு நடக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்தில் சின்ன மாட்டுப் பிரிவில் ஓடும். ஒரு வருஷம் வண்டி பூட்டின பிறகு கமிட்டிக்காரர் வந்து, "அண்ணாச்சி, காளை வளந்துட்டுல்லா, பெரிய மாட்டுல ஓட்டுங்க"ன்னுட்டார். கடைசியாத்தான் வந்தது. அடுத்த தைக்குள் ஜோடியை வித்துட்டார்.

லீ மான் 24 மணி நேர கார் ரேஸ் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காளைங்க ஞாபகம்தான்.

1982-ல் குரூப் சி விதி வந்தது. எந்த எஞ்சின் வேணா வச்சுக்கோ, பெட்ரோல் மட்டும் அளவுதான். போர்ஷே, ஜாகுவார், மெர்சிடிஸ், மஸ்டான்னு கூட்டம் அம்மியது. போர்ஷே 962 காரைக் காசு கொடுத்து வாங்கித் தனியார் அணிகளும் ஓடின. அப்புறம் ஃபிசா அமைப்பு, ஃபார்முலா 1 மாதிரி 3.5 லிட்டர் எஞ்சின்தான் வேணும்னு சொல்லிடுச்சு. செலவு எகிறியது, சின்ன அணிகள் ஒதுங்கின. 1991-ல் லீ மானை ஜெயித்த மஸ்டாவின் ரோட்டரி எஞ்சினுக்கு அடுத்த வருஷம் இடமே இல்லை. 1992 லீ மானில் கிளம்பினது 28 கார். 1993 உலக சாம்பியன்ஷிப் நடக்கவே இல்லை. கமிட்டி ஒரு கையெழுத்தில் பந்தயத்தையே முடிச்சுட்டாங்க.

அதுக்காக கமிட்டியே வேண்டாம்னு சொல்ல முடியுமா? 2012-ல் எஃப்ஐஏவும் லீ மான் நடத்தும் ஏசிஓவும் சேர்ந்து உலக சாம்பியன்ஷிப்பைத் திரும்பக் கொண்டு வந்தாங்க. அந்த வருஷம் நம்ம சென்னை கருண் சந்தோக், ஜேஆர்எம் என்ற தனியார் அணியின் காரில் லீ மான் ஓடி ஆறாவது வந்தார். அங்கே ஓடிய முதல் இந்தியர் அவர்தான்.

2023-ல் வேற கூத்து. எல்லா காரும் சமமா ஓடணும்னு எடை கூட்டிக் குறைக்கிற விதி ஒண்ணு இருக்கு. அதை நம்பித்தான் ஃபெராரி, போர்ஷே, காடிலாக் எல்லாம் பெரிய பிரிவுக்கு வந்தாங்க. ரேஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது டொயோட்டாவுக்கு 37 கிலோ, ஃபெராரிக்கு 24 கிலோ ஏத்தினாங்க. ஃபெராரி ஜெயிச்சது. முந்தின அஞ்சு வருஷமும் ஜெயிச்ச டொயோட்டா ரெண்டாவது.

எடை ஏத்தினது தப்புன்னு நான் சொல்லலை. ஒருத்தரே ஜெயிச்சுட்டிருந்தா மத்தவன் எதுக்கு வருவான்? ஆனா விதியை எப்போ சொல்றோம்னு ஒண்ணு இருக்கில்ல?

உண்மையைச் சொன்னா, பெரியப்பா காளைங்க வளர்ந்துதான் இருந்தது. அவரும் அதை மறுத்ததில்லை. அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "பூட்டுறதுக்கு முந்தி சொன்னா என்னடே?"