மூடிய கை

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இடது பக்கம். உயிர் பிழைத்தாள், பேச்சும் திரும்பியது, கைத்தடி ஊன்றி நடக்கவும் தொடங்கினாள். ஆனால் மூன்றாம் மாதத்திலிருந்து இடது கை மெல்ல மெல்ல மடங்க ஆரம்பித்தது. முழங்கை மடிந்து மார்போடு ஒட்டிக்கொண்டது. விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு இறுகிவிட்டன. நகம் வெட்ட முடியவில்லை. வளர்ந்த நகம் உள்ளங்கையைக் குத்திப் புண்ணாக்கியது. நாற்றம் வருகிறதோ என்று கூச்சப்பட்டு, யாராவது வீட்டுக்கு வந்தால் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வாள்.

தசைகளை அடக்கி வைக்கும் மூளையின் கட்டளை சரியாக வந்து சேராததால் இந்த விறைப்பு ஏற்படுகிறதாம். முதலில் பாக்லோஃபென் மாத்திரை கொடுத்தார்கள். கை தளர்ந்ததோ இல்லையோ, அவள் பகலெல்லாம் தூங்கினாள். பிறகு ஊசி. சினிமாக்காரர்கள் முகச் சுருக்கத்துக்குப் போட்டுக்கொள்கிறார்களே, அதே போட்டாக்ஸ்தான். எந்தத் தசையில் போடுகிறார்களோ அந்தத் தசையை மட்டும் மூன்று, நான்கு மாதங்களுக்குத் தளர்த்தி வைக்கும்.

போட்டவர் இளம் டாக்டர். நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசினார். மடங்கிய கையைப் பார்த்தார், மேற்கையிலும் முன்கையிலும் ஊசி போட்டார். பத்து நாளில் முழங்கை நன்றாக நீண்டது. எனக்கு ஒரே சந்தோஷம். அவளோ அழுதாள். விரல்கள் அப்படியே மூடியிருந்தன. அது மட்டுமில்லை, மடங்கிய முழங்கையில்தான் அவள் துணிப்பையை மாட்டிக்கொண்டு காய் வாங்கப் போவாள். இப்போது பை நழுவி விழுந்தது. இருந்த ஒரு உபயோகமும் போய்விட்டது. மருந்தின் வேகம் தணியும் வரை மூன்று மாதம் காத்திருந்தோம்.

பிறகு, இந்த வேலையையே பல வருடங்களாகச் செய்துவரும் வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் ஊசியை எடுக்கவே இல்லை.

"அம்மா, இந்தக் கையால இப்ப என்னென்ன செய்றீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் செய்றதில்லீங்க டாக்டர். பை மட்டும் மாட்டிக்குவேன்."

பையைக் கொண்டுவரச் சொல்லி மாட்டிக் காட்டச் சொன்னார். நடக்கச் சொல்லிப் பார்த்தார். விரல்களை ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை வேகமாகவும் நீட்டிப் பார்த்தார். வேகமாக நீட்டும்போது மட்டும் இழுத்துப் பிடித்தால் அது விறைப்பு, ஊசிக்குக் கட்டுப்படும். எப்படி நீட்டினாலும் வரவில்லை என்றால் தசையே குறுகிவிட்டது, ஊசியால் பயனில்லை என்று விளக்கினார். பிறகு ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்து, விரல்களையும் கட்டை விரலையும் மடக்கும் தசைகளில் மட்டும் மருந்தை இறக்கினார். முழங்கையைத் தொடவில்லை.

"காலும் விறைப்பா இருக்கே டாக்டர், அதுக்கும் போடலாமா?" என்றேன்.

"வேண்டாங்க ஐயா. அந்த விறைப்புலதான் அவங்க நிக்கிறாங்க. தளர்த்தினா விழுந்துடுவாங்க."

இரண்டு வாரத்தில் விரல்கள் பிரிந்தன. அன்று அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு நான் நகம் வெட்டினேன். பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சியை இன்றும் விடாமல் செய்கிறோம்.

அடுத்த முறை போனபோது மனம் கேட்காமல், "முதல்லயே உங்ககிட்ட வந்திருக்கணும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நானும் ஆரம்பத்துல ஒருத்தருக்கு அப்படிக் காலைத் தளர்த்தி விழ வெச்சிருக்கேன் ஐயா. அவர் திரும்பி வந்து சொன்னதாலதான் எனக்குத் தெரிஞ்சுது" என்றார்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் அனுபவத்துக்கும் பரிசோதனைக்கும் 'எக்ஸ்பேரியான்ஸ்' என்று ஒரே சொல்தான். பள்ளிக்கூடத்தில் அது எனக்குக் குழப்பமாக இருந்தது. இப்போது புரிகிறது. ஒரு டாக்டரின் அனுபவம் என்பது முன்னால் போன யாரோ ஒருவரின் கையிலும் காலிலும் நடந்த பரிசோதனை. ஆனால் என்ன ஆயிற்று என்று அவரிடம் போய்ச் சொன்னால்தான் அது அனுபவமாகும். நாமோ கோபித்துக்கொண்டு வேறு டாக்டரிடம் போய்விடுகிறோம். அவரும் கை நீண்டதென்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

போன மாதம் அந்த இளம் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். குறை சொல்லவில்லை. பை நழுவிய கதையை மட்டும் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. பிறகு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.