செய்யாற்று மணலும் குப்பத்துக் கரையும்

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. சில நாள் கழித்து உத்திரமேரூரிலிருந்து நாங்கள் அந்தப் பக்கத்துக் குப்பம் ஒன்றுக்குப் போனோம். கரையை அலை அறுத்துவிட்டிருந்தது. படகு ஏற்ற இடமில்லை. "கடல் எடுத்துக்குனு போனத கடலே குடுக்கும் தம்பி. இப்பல்லாம் முழுசா குடுக்கறதில்ல" என்றார் ஒரு பெரியவர்.

அவர் சொன்னது அறிவியல்தான். புயல் அலை மணலை இழுத்துக் கடலுக்குள் திட்டாகக் குவிக்கும். அமைதியான மாதங்களில் சிற்றலைகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையேற்றும். திரும்பாத மணலை ஆறுகள்தான் ஈடுகட்ட வேண்டும். எங்கள் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்ந்து, கல்பாக்கம் அருகே கடலைத் தொடுகிறது. ஆண்டின் பெரும்பகுதி, அந்த மணல் கரையோரமாக வடக்கே நகரும்.

அதை லாரியில் வாரிப்போட்டவை எங்கள் சேரிக் கைகள். கிடைத்தது கூலி மட்டும். மணல் போனால் எங்கள் ஆற்று ஊற்று வற்றும். அவர்கள் கரை ஒடுங்கும்.

குடவோலைக்குப் பேர்போன ஊர் எங்களுடையது. அந்தச் சபையில் நிலமில்லாதவருக்கு இடமில்லை. இன்று கிராமசபையில் நமக்கு இடம் உண்டு. தோழர்களே, மணல் கணக்கை அங்கே கேட்போம். குப்பத்துக்கும் சேர்த்துக் கேட்போம்.