மேசைமேல் ஒரு மலைப்பாதை

திருவனந்தபுரத்துக்கு ரயில் வந்தது 1918இல். கொல்லத்திலிருந்து நீட்டப்பட்ட அந்த மீட்டர்கேஜ் பாதை முதலில் சாலைக் கடைத்தெருப் பகுதியோடு நின்றுவிட்டது. தம்பானூரை எட்ட 1931 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எர்ணாகுளத்திலிருந்து கோட்டயம் வழியாகக் கொல்லத்தை அடையும் பாதையோ 1958இல்தான் முழுமை பெற்றது. ஆகவே, நாற்பது ஆண்டுக்காலம் இந்நகரிலிருந்து நெடுந்தொலைவு ரயிலில் செல்ல ஒரே வழிதான் இருந்தது: கொல்லம், புனலூர், தென்மலை, ஆரியங்காவு, பிறகு மலையைக் குடைந்து மறுபுறம் இறங்கிச் செங்கோட்டை. தலைநகர் வெளியுலகோடு பேசிய இரும்புவழி தமிழ் நிலத்தின் ஊடாகச் சென்றது என்பதை இன்று நினைவுகூர்பவர் மிகச் சிலர்.

1904இல் திறக்கப்பட்ட அம்மலைப்பாதையின் புனலூர்–செங்கோட்டைப் பகுதியில் மீட்டர்கேஜ் ஓட்டம் 2010இல் நின்றது. அகலப் பாதையாகி 2018இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலம் வலுவூட்டப்பட்டு இன்றும் நிற்கிறது. ஆனால் மீட்டர்கேஜ் காலத்தின் தண்டவாளமும் அதைச் சார்ந்திருந்த சிறு பொருள்களும் போயின. அவற்றைப் பட்டியலிட்டுவைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றுவதில்லை. அப்படிப் போனவற்றைப் பற்றி விடாமல் கவலைப்படும் ஓர் இனம் உண்டென்றால், அது மாதிரி ரயில் கட்டுவோர் இனம்தான்.

இந்தப் பொழுதுபோக்கை விளையாட்டு என்று ஒதுக்குவோர் அதன் கணக்கைப் பார்த்ததில்லை. உலகில் மிகப் பரவலான அளவு எச்.ஓ. எனப்படும் 1:87. புனலூரிலிருந்து செங்கோட்டை வரையிலான சுமார் 49 கிலோமீட்டரை அந்த அளவில் சுருக்கினால்கூட 563 மீட்டர் நீளமுள்ள மேசை வேண்டும். வீட்டின் மாடியறையில் கிடைப்பது நான்கு மீட்டர் என்று கொண்டால், அதில் அடங்குவது உண்மைப் பாதையின் 348 மீட்டர் மட்டுமே. பதிமூன்று கண் பாலம் ஒன்றே ஏறத்தாழ 100 மீட்டர். மேசையில் அது ஒரு மீட்டருக்கு மேல் இடம் கேட்கும். கடையில் விற்கும் வளைவுத் தண்டவாளங்களில் மிகச் சிறியவற்றின் ஆரம் 36 சென்டிமீட்டர் அளவே. அதை 87ஆல் பெருக்கினால் 31 மீட்டர் வரும். அத்தகைய வளைவில் அகலப் பாதைப் பயணிகள் ரயில் எதுவும் திரும்பாது. ஆக, மாதிரி கட்டுபவர் முதல் நாளிலேயே எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டியவராகிறார். எந்த நிலையம் இருக்கட்டும், எந்தக் குகை போகட்டும், எந்தச் சரிவை மடக்கலாம் என்று அவர் தேர்ந்தாக வேண்டும். ஆய்வேடு எழுதும் எவருக்கும் இந்த வேதனை புதிதன்று.

அடுத்த சிக்கல் தண்டவாள அகலம். எச்.ஓ. தண்டவாளத்தின் 16.5 மில்லிமீட்டர், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழங்கும் 1435 மில்லிமீட்டர் பாதைக்கு வகுக்கப்பட்டது. இந்திய அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். 1:87இல் அது 19.26 ஆக இருக்க வேண்டும். எனவே, கடைத் தண்டவாளத்தில் ஓடும் நம்மூர் அகலப்பாதை மாதிரிகள் ஒவ்வொன்றும் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான ஒரு பொய்யைச் சுமந்தே ஓடுகின்றன. இத்தகைய பொய்யைப் பொறுக்கமாட்டாமல்தான் பிரிட்டிஷ் ஆர்வலர் சிலர் தம் நாட்டு 1:76.2 அளவுக்கு 16.5ஐக் கைவிட்டு, 18.83 மில்லிமீட்டர் என்று நூற்றில் ஒரு பங்கு வரை கணக்கிட்டுத் தண்டவாளத்தைத் தாமே கட்டிக்கொண்டனர். மீட்டர்கேஜுக்கு இவ்விடத்தில் ஒரு சிறு அதிர்ஷ்டம் உண்டு. 1000 மில்லிமீட்டர் 1:87இல் 11.5 ஆகிறது, டி.டி. எனப்படும் வேறோர் அளவுக்காக விற்கப்படும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் அதற்கு ஏறக்குறையப் பொருந்திவிடுகிறது. அந்த அளவின் இயங்குபகுதியை வாங்கி, மேற்கூட்டைப் பிளாஸ்டிக் தகட்டிலோ பித்தளைத் தகட்டிலோ வெட்டி ஒட்டுவதே வழக்கமான வழி.

எனினும், மிகக் கடினமான பகுதி கைவேலையன்று, தகவல்தான். வரலாற்றாசிரியர் ‘ஆரியங்காவில் ஒரு நிலையம் இருந்தது’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் செல்லலாம். மாதிரி கட்டுபவருக்கு அந்த உரிமை இல்லை. நிலையத்தின் எப்புறத்தில் தண்ணீர்த் தொட்டி நின்றது? நடைமேடை எவ்வளவு உயரம்? கூரை ஓடா, தகரமா? குகை வாயிலின் கல்லில் கரி எதுவரை படிந்திருந்தது? இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் விட அவரால் முடியாது. பசையைக் கையில் எடுத்தவுடன் ஏதேனும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொற்களில் மறைந்துகொள்ளும் அறியாமை, அட்டையிலும் மரத்திலும் வெளிப்பட்டுவிடுகிறது.

காலத்தையும் அவர் குறித்தாக வேண்டும். நீராவி என்ஜினா, பின்னாளைய டீசல் என்ஜினா என்பது எளிய கேள்வி. செங்கோட்டையின் பெயர்ப்பலகை அவ்வளவு எளிதன்று. 1956 நவம்பர் 1 வரை அவ்வூர் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. அன்று முதல் சென்னை மாநிலத்தில். பலகையில் எந்த மொழி மேலே, எது கீழே என்பதை ஒரு கட்டுரையாளர் தொடாமலே தாண்டிச் செல்லலாம். நுண்தூரிகையோடு அமர்ந்திருப்பவர் தாண்ட முடியாது. மொழிவழி மாநிலப் பிரிவினையின் முழுச் சிக்கலும் ஒரு விரலகலப் பலகையில் வந்து நிற்கிறது.

இதனால்தான் பெரும்பாலோர் கற்பனை நகரங்களைக் கட்டுகின்றனர். புணேயின் கோத்ரூட் பகுதியில் பாவுசாகேப் ஜோஷி உருவாக்கி 1998இல் திறந்த சிற்றுரு ரயில் காட்சியகம் அத்தகைய கற்பனை நகரையே கொண்டது. 2001இல் ஹம்பர்க்கில் தொடங்கிய மினியேச்சர் வுண்டர்லாண்டிலும் உண்மை ஊர்களுக்கு நடுவே இல்லாத ஊர் ஒன்று உண்டு. கற்பனை நகரில் தவறு என்பதே கிடையாது. திருவனந்தபுரத்திலேயே, வேளி சுற்றுலாக் கிராமத்தில் 2020 நவம்பரில் சூரிய மின்னாற்றலில் ஓடும் ஒரு சிறு ரயில் தொடங்கப்பட்டது. பழைய நீராவி என்ஜினின் தோற்றம், செயற்கைப் புகை, மூன்று பெட்டிகள், 2.5 கிலோமீட்டர் பாதை. குழந்தைகளுக்கு அது பெரும் மகிழ்ச்சி. அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அது நினைவூட்டும் பழமை எந்த ஊருக்கும் உரியதன்று. மாடியறை மேசையின் மலைப்பாதை அப்படியன்று. அந்தத் தடத்தில் கார்டாகவோ கேங்மேனாகவோ பணிபுரிந்த ஒருவர் வந்து பார்த்து, விரலை வைத்து, ‘தொட்டி இந்தப் பக்கம் இல்லை’ என்று சொல்லிவிட முடியும். மறுக்கப்படும் வாய்ப்புக்குத் தன்னைத் திறந்துவைப்பதே அந்த மாதிரியின் பெருமை.

திருவனந்தபுரத்தின் காற்று இந்த வேலைக்குக் கருணை காட்டுவதில்லை. இடவப்பாதியின் ஈரத்தில் அட்டை உப்பும், பலகை நெளியும், நெளிந்த பலகையில் தண்டவாள இணைப்பு விலகி என்ஜின் நடுவழியில் நிற்கும். சலித்த மணல் சரளையாகிறது. உலர்த்திய தேயிலைச் சக்கை மலைமண்ணாகிறது. சாயமேற்றிய நுரைத்துண்டு மலைக்காடாகிறது. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னும் பாதியைப் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும். பிரித்துக் கட்டும்போதுதான் பழைய ஊகங்களைத் திருத்தவும் இடம் கிடைக்கிறது.

ஆய்வேட்டுக்கு அடிக்குறிப்பு உண்டு. ஐயத்தை அங்கே ஒதுக்கிவைக்கலாம். மேசைக்கு அடிக்குறிப்பு கிடையாது. ஊகத்தையும் உறுதியையும் ஒரே வண்ணத்தில் பூசிவிட்டால், பார்ப்பவர் இரண்டையும் உண்மையென்றே கொள்வார். நேர்மையான வழி ஒன்று உண்டு. அழகைச் சற்றுக் கெடுக்கும் வழி. தெரியாத கட்டடத்துக்கு வண்ணம் பூசாமல், இருந்த இடத்தையும் பருமனையும் மட்டும் காட்டும் வெள்ளை அட்டைப் பெட்டியாக அதை விட்டுவைப்பது.

மீட்டர்கேஜ் காலத்தில் அத்தடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. வரைபடங்கள் என்றேனும் ஓர் அலமாரியிலிருந்து வெளிவரலாம். கண்ணால் கண்ட நினைவுக்கு அந்த அவகாசம் இல்லை. வண்ணம் தீட்டி முடித்த மாதிரியைப் பார்ப்பவர் பாராட்டிவிட்டுப் போவார். வெள்ளைப் பெட்டியைப் பார்ப்பவர் ‘இங்கே என்ன இருந்தது தெரியுமா?’ என்று பேசத் தொடங்குவார்.