ஐந்நூறு ரூபாய்

சென்ற வேனில் விடுமுறையில் யான் செஞ்சிக்குச் சென்றபோது எம் இல்லத்தில் ஒரு வினா விடையின்றிக் கிடந்தது. எந்தையார் ஆங்கோர் அரிசியாலையில் கணக்கெழுதுபவர். நான்காண்டும் ஏழு திங்களும் உழைத்தவர். திங்கட்கு 14,000 ரூபாய் பெற்றுவந்தார். இவ்வாண்டு இரண்டாயிரமேனும் உயருமென எதிர்நோக்கியிருந்தார், உயர்ந்ததோ 500. அதனையும் முதலாளி நேரிற் கூறாது மேற்பார்வையாளர் வாயிலாகச் சொல்லியனுப்பினார். நூற்றுக்கு நான்கும் ஆகாத அவ்வுயர்வு பருப்பும் எண்ணெயும் ஏறிய விலைக்கே போதாது. திண்டிவனத்து ஆலையொன்று 17,000 தருவதாக அழைத்திருந்தது. செல்வதோ, நிற்பதோ?

ஒரு மாலை இருவரும் கோட்டைக்குள் கலியாண மகாலின் அருகே அமர்ந்திருந்தோம். தமிழ் பயிலும் செருக்கால் யான் புறநானூற்றை எடுத்துரைத்தேன். அதியமான் நெடுமான் அஞ்சி தம்மைக் காணாமலே கொடுத்தனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார். தகுதியறிந்து கொடுப்பது மிகச் சிறிதாயினும் இனிதென்பது அவர் கொள்கை. "அப்பா, தாங்களும் நாளையே விலகிவிடுங்கள்" என்றேன்.

எந்தையார் முறுவலித்தார். "தம்பி, அப்புலவர் வீட்டில் அடுப்பு எரிந்ததா?"

குமணனைப் பாடிய பாட்டுக்களில் அவர்தம் முதிய தாயும், மெலிந்த மனைவியும், பசித்தழும் புதல்வனும் வருவதை நினைந்து, "இல்லை" என்றேன்.

"பொருளை மறுக்குமுன் அவ்வம்மையாரை ஒரு சொற் கேட்டாரா?"

யான் வாய் திறந்திலேன். என் விடுதிக் கட்டணம் அவ்வூதியத்திலிருந்தே செல்வது அப்பொழுதுதான் நெஞ்சில் உறைத்தது. வீரம் பேசியவன் யான். அதற்கு விலை கொடுக்க வேண்டியவர் அவர்.

அவர் இராசகிரியைச் சுட்டினார். "தேசிங்கு 1714-இல் சிறு படையோடு பெரும் படைமேற் பாய்ந்து மடிந்தான்; ஊரெல்லாம் பாடுகிறது. அவனுக்கு முன்னே 1690 முதல் 1698 வரை முகலாயர் இக்கோட்டையை வளைத்திருந்தனர். உள்ளிருந்த இராசாராம் காலம் பார்த்துக் கோட்டை விழுமுன் தப்பிச் சென்றான். அவனை இங்கு யார் பாடுகிறார்கள்? ஆயினும் குடும்பம் நடத்துவோன் அவனிடமே கற்கவேண்டும்."

பின் கணக்கு விரித்தார். திண்டிவனம் சென்றுவரப் பேருந்துக்கும் பகலுணவுக்கும் 1,600 போனால் மிகுவது 900. ஐந்தாண்டு நிறைந்தாலோ பணிக்கொடை ஐயமின்றிக் கிட்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த முறைப்படி, திங்களை 26 நாளாகக் கொண்டு, ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாட் சம்பளம். ஆக ஏறத்தாழ 41,800 ரூபாய். "இன்று சினந்து விலகினால் அதனை முதலாளிக்கு நானே பரிசிலாக விட்டுச்செல்வேன்" என்றார்.

மறுநாள் முதலாளியை நேரிற் கண்டு, அத்தொகை எங்ஙனம் முடிவாயிற்றென்று மட்டும் வினவினார். எல்லார்க்கும் ஒரே அளவு என்பதே விடை. எந்தையார் சினவாது திரும்பினார். ஆனால் அன்றே உள்ளத்தில் முடிவு செய்துவிட்டார். திண்டிவனத்தார் காத்திருக்க இசைந்தனர். ஐந்தாண்டு நிறைந்தபின், ஒரு திங்கள் முன்னறிவித்து, பணிக்கொடையும் பெற்று, வணங்கி விடைகொண்டார்.

நண்பர்காள், பெருஞ்சித்திரனாரை யான் இன்றும் போற்றுகின்றேன். ஆயின் அப்பாட்டைப் படிக்குந்தோறும், வெறுங்கையோடு திரும்பிய புலவரை வாயிலில் எதிர்கொண்ட அம்மையாரின் முகமும் உடன்தோன்றுகின்றது.