நடுங்கியது யார் கை?



கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டில் என் மகனுக்கு மிகுந்த ஆர்வம் உண்டு. ஒரு மாலை, ஓடுபாதையை நெருங்கும்போதெல்லாம் அவன் விமானத்தின் மூக்கு மேலும் கீழும் துள்ளியது. “கை நடுங்காமல் பிடி” என்று கடிந்துகொண்டேன். அவன் ஒன்றும் பேசாமல் ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தான். எவர் கையும் படாதிருந்தும், திரையில் அளவீட்டுப் புள்ளி துடித்துக்கொண்டே இருந்தது.

முதலில் அமைப்புகளில் ‘டெட் சோன்’ அளவைக் கூட்டினோம். நடுநிலையில் துடிப்பு அடங்கியது. ஆனால் தரையிறங்கும்போது தேவைப்படும் மெல்லிய அசைவுகளும் அதனோடு மறைந்துபோயின. குறை ஒளிந்துகொண்டதேயன்றி நீங்கவில்லை.

பின்பு இணைப்பைக் கழற்றிக் கருவியைத் திறந்தோம். உள்ளே பொட்டென்ஷியோமீட்டர் என்னும் சிறு பாகத்தில், கரித்தடத்தின்மேல் ஓர் உலோக முனை உராய்ந்து நகர்கிறது. தூசி படிந்தாலும் தடம் தேய்ந்தாலும் தொடர்பு விட்டுவிட்டு அமையும், அளவீடு குதிக்கும். காண்டாக்ட் கிளீனர் தெளித்து, தண்டினை இருபுறமும் பலமுறை திருப்பி, நன்கு உலர்த்தி, மீண்டும் காலிபரேஷன் செய்தோம். புள்ளி அசையாது நின்றது. தடம் தேய்ந்திருந்தால் அந்தப் பாகத்தையே மாற்ற நேர்ந்திருக்கும். காந்தத்தைக் கொண்டு இயங்கும் ஹால் சென்சாரில் இவ்வுராய்வு இல்லை.

அன்றிரவு மகனிடம் மன்னிப்புக் கேட்டேன், அவன் சிரித்தான்.

பிரியமானவர்களே, வீட்டில் ஒருவரைக் குறைசொல்ல நாவெழும் வேளையில், அவர் கையைச் சற்றே எடுக்கச் சொல்லிப் பார்ப்போம். நடுக்கம் அப்போதும் தொடரக்கூடும்.